ஆயா சொல்வது புரிகிறது, பதில் மட்டும் வரவில்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியிலோ ஃபீனிக்ஸிலோ, இன்னும் தமிழ் பேசுகிற ஆயா ஒருவர் இருக்கும் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். "சாப்பிட்டியா கண்ணு?" என்று ஆயா கேட்பார். பேரன் தலை நிமிராமல் "யா ஆயா, ஐ ஏட்" என்பான். "அடுப்பு மேல இருக்கிற சின்னச் சட்டிய எடுத்துக்கிட்டு வா" என்பார். அவன் எழுந்து போய், பக்கத்திலிருக்கும் பெரிய சட்டியை விட்டுவிட்டு, சின்னச் சட்டியைச் சரியாக எடுத்து வருவான். அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த சொற்களையும், எது எதைச் சுட்டுகிறது என்ற உறவையும், அவன் மனம் பிழையில்லாமல் பிரித்து அறிந்திருக்கிறது. ஆனால் "சட்டி எங்க இருந்துச்சு, தமிழ்ல சொல்லு" என்று கேட்டால் அவன் வாயடைத்து நிற்பான்.

இதற்கு வீட்டார் சொல்லும் காரணங்கள் பல. தமிழே தெரியாது என்பார் ஒருவர். வெட்கம் என்பார் இன்னொருவர். சோம்பல் என்று கடிந்துகொள்வாரும் உண்டு. ஞாயிறுதோறும் சிறு தமிழ் வகுப்பு ஒன்றில் பாடம் சொல்லும் எனக்கு இந்த மூன்று விளக்கங்களும் நெடுநாள் மன வருத்தம் தந்திருக்கின்றன, ஏனெனில் மூன்றும் அந்தக் குழந்தையின் மனத்தில் உண்மையில் நடப்பதைத் தவறவிடுகின்றன. மொழியைக் கேட்டு விளங்கிக்கொள்வதும் மொழியை உருவாக்கிப் பேசுவதும், வெளியிலிருந்து பார்க்கும்போது ஒரே திறனின் இரு முகங்களாகத் தோன்றினாலும், மனத்துக்கும் மூளைக்கும் அவை வேறுவேறு உழைப்பைக் கோரும் வேலைகள். அந்த வேறுபாட்டைத் தொடக்கநிலை வாசகருக்கு விளங்கும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கேட்பதை எடுத்துக்கொள்வோம். அச்சில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுகிறோம். பேச்சில் அத்தகைய இடைவெளி கிடையாது. "அடுப்புமேலஇருக்கிறசின்னச்சட்டிய" என்று ஒரே ஒலியோட்டமாகத்தான் அது காதுக்கு வருகிறது. அறியாத மொழி ஒன்றைக் கேட்கும்போது அது மிக வேகமாகப் பேசப்படுவதாக நமக்குத் தோன்றுவதற்குக் காரணம், ஓட்டத்தை எங்கே வெட்டுவது என்று நம் மனத்துக்குத் தெரியாததுதான். அறிந்த மொழியில் அந்த வெட்டுகளைக் காது செய்வதில்லை, மனம் செய்கிறது. அதுவும் நாம் உணராத வேகத்தில் செய்கிறது.

இந்தத் திறன் எவ்வளவு இளம் வயதில் தொடங்குகிறது என்பதை 1996இல் அமெரிக்காவில் ஜென்னி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் ஆகிய மூவர் செய்த சோதனை காட்டியது. பொருளே இல்லாத மூன்றசைச் சொற்கள் சிலவற்றை இடைவெளியின்றி மாறிமாறிக் கோத்து, 8 மாதக் குழந்தைகளுக்கு இரண்டே நிமிடம் ஒலிக்கவிட்டார்கள். எந்த அசைக்குப் பின் எந்த அசை தவறாமல் வருகிறது, எங்கே அந்தத் தொடர்ச்சி தளர்கிறது என்ற கணக்கைக் கொண்டே குழந்தைகள் சொல்லெல்லைகளைக் கண்டுகொண்டன. ஆயாவின் மடியில் கிடக்கும் குழந்தைக்கு 'கண்' என்பதற்குப் பின் 'ணு' என்பது எத்தனையோ முறை வந்து காதில் விழுகிறது. அதை யாரும் சொல்லித் தருவதில்லை, குழந்தையும் கற்பதாக நினைப்பதில்லை.

காதில் விழுந்ததை அப்படியே ஏற்றுக்கொள்ளும் பழக்கம் மனத்துக்கு இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. 1970இல் ரிச்சர்ட் வாரன் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஒரு வாக்கியத்தின் நடுவே ஒரு சொல்லிலிருந்து ஓர் ஒலியை முழுவதும் நீக்கி, அவ்விடத்தில் இருமல் ஒலியை வைத்தார். கேட்டவர்கள் அந்த ஒலியும் காதில் விழுந்ததாகவே சொன்னார்கள். இருமல் எந்த இடத்தில் வந்தது என்பதைக்கூட அவர்களால் சரியாகக் குறிக்க முடியவில்லை. பின்னர் 1976இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் இருவரும், 'கா' என்று உச்சரிக்கும் வாயின் படத்தோடு 'பா' என்ற ஒலியைச் சேர்த்துக் காட்டியபோது, பார்த்தவர்களில் பலர் இரண்டுமில்லாத 'தா'வைக் கேட்டார்கள். கண்ணும் காதும் முன்னறிவும் கூடி முடிவு செய்ததைத்தான் நாம் 'கேட்டது' என்று அழைக்கிறோம். இரைச்சல் மிகுந்த காவடித் திருவிழாக் கூட்டத்திலும் ஆயாவின் குரல் பேரனுக்குப் புரிவது இதனால்தான்: பாதி காதில் விழுகிறது, மீதியை மனம் நிரப்பிக்கொள்கிறது.

சொல்லைக் கண்டுகொள்ளும் முறையும் இத்தகையதே. 'ச' என்ற ஒலி வந்தவுடன் அதில் தொடங்கும் பல சொற்கள் மனத்தில் சற்றே விழித்துக்கொள்கின்றன. 'சட்' என்றதும் சட்டம், சட்டை, சட்டி, சட்டென்று என ஒரு சிறு கூட்டம் மட்டும் நிற்கிறது. முழுச்சொல் முடிவதற்குள்ளேயே, அடுப்பைப் பற்றிய பேச்சு என்ற சூழல் சட்டத்தையும் சட்டையையும் ஒதுக்கிவிடுகிறது. சூழலுக்குப் பொருந்தாத சொல் வந்தால் மூளை என்ன செய்கிறது என்பதை 1980இல் மார்த்தா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் இருவரும் தலையின் மேல் மின்முனைகளைப் பொருத்தி அளந்தார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் செய்ததைத் தமிழில் எண்ணிப் பார்க்கலாம்: "ஆயா கறியில் உப்பும் மிளகாய்த்தூளும் செருப்பும் போட்டார்" என்று படிக்கும்போது, 'செருப்பு' என்ற சொல்லைக் கண்டு ஏறக்குறைய 400 மில்லி விநாடிகளில் மூளையின் மின் அலையில் ஒரு தெளிவான இறக்கம் தோன்றும். அரை விநாடிகூட ஆகாத நேரத்தில் பொருள் சோதிக்கப்பட்டு, பொருந்தாமை பதிவாகிவிடுகிறது.

தமிழ் போன்ற மொழிகளில் வினை கடைசியில் வருவதால், கேட்பவர் வாக்கியம் முடியும்வரை பொருளுக்காகக் காத்திருக்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. "முருகனுக்கு அக்கா பாலை" என்று நிறுத்திப் பாருங்கள். வினை இன்னும் வரவில்லை. ஆயினும் '-க்கு', '-ஐ' என்ற இரு உருபுகளும் யார் செய்கிறார், எது செய்யப்படுகிறது, யாருக்கு என்பதை முன்னரே அறிவித்துவிட்டன. ஊற்றினாள், படைத்தாள் என்பன போன்ற சில வினைகளே இனி வர முடியும். தமிழைப் போலவே வினையை இறுதியில் வைக்கும் ஜப்பானிய மொழியில், 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு கேட்பவர்களின் கண்ணசைவைப் பின்தொடர்ந்து, உருபுகளைக் கேட்டமாத்திரத்தில் அவர்களுடைய கண்கள் அடுத்து வரப்போகும் பொருளின் படத்தை நோக்கி நகர்வதைக் காட்டியது. உருபு என்பது பள்ளி இலக்கணத்தில் நெட்டுருப் போடும் பட்டியலாக நமக்கு அறிமுகமாவது துரதிர்ஷ்டம்; உண்மையில் அது கேட்பவரின் மனத்துக்கு முன்கூட்டியே காட்டப்படும் கைவிளக்கு.

ஆகவே விளங்கிக்கொள்வதில் மனத்துக்கு உதவி பல பக்கங்களிலிருந்து வருகிறது. ஒலி வெளியிலிருந்து கிடைக்கிறது. சூழல் கண்முன்னே இருக்கிறது. ஆயாவின் கை அடுப்பைச் சுட்டுகிறது. தெரியாத ஒரு சொல்லைத் தாண்டிச் சென்றாலும் மொத்தப் பொருள் கைவிட்டுப் போவதில்லை. பேசுவதில் இந்த உதவிகளில் ஒன்றுகூடக் கிடையாது.

பேரன் "சட்டி அடுப்பு மேல இருந்துச்சு" என்று சொல்ல வேண்டுமானால் என்னென்ன நடக்க வேண்டும்? முதலில் சொல்ல வேண்டிய கருத்து உருவாக வேண்டும். அது அவனிடம் உண்டு. அடுத்து, மனத்தில் சேர்ந்திருக்கும் பல்லாயிரம் சொற்களிலிருந்து 'சட்டி'யையும் 'அடுப்பை'யும் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்பு அவற்றை இலக்கணத்துக்குள் அடுக்க வேண்டும்: இடத்தைச் சொல்லும் 'மேல' பெயருக்குப் பின்னால் வர வேண்டும், வினைக்கு இறந்தகாலமும் அஃறிணை ஒருமையும் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் சட்டி 'இருந்தான்' ஆகிவிடும். அதன்பின் ஒவ்வொரு சொல்லின் ஒலிவடிவத்தையும் எடுக்க வேண்டும். 'சடி' என்று சொல்லாமல் 'ட்ட' என்று அழுத்த வேண்டும். இறுதியாக நாக்கு, இதழ், தாடை, குரல்வளை, மூச்சு ஆகியவற்றை இயக்கும் ஏறக்குறைய நூறு தசைகளுக்கு ஒழுங்கான ஆணை போக வேண்டும். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் வில்லெம் லெவெல்ட் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் பல்லாண்டு உழைத்து இந்தப் படிநிலைகளை விரித்துரைத்தார்கள். நன்கு பழகிய தாய்மொழியில், ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லத் தொடங்கவே ஏறக்குறைய 600 மில்லி விநாடிகள் பிடிக்கின்றன.

இந்தப் படிநிலைகள் உண்மையானவை என்பதற்கு நம்முடைய நாத்தடுமாற்றங்களே சான்று. "சோறும் குழம்பும்" என்று சொல்ல வந்தவர் "கோறும் சுழம்பும்" என்று சொல்லிவிட்டால், பின்னால் வர வேண்டிய 'க' முன்னால் வந்துவிட்டது என்று பொருள். அது முன்னால் வர வேண்டுமானால், முதற்சொல்லை உச்சரிக்கும் முன்பே இரண்டாம் சொல்லின் ஒலியும் தயாராகக் காத்திருந்திருக்க வேண்டும். மேலும், சொல்லின் முதலொலி இன்னொரு சொல்லின் முதலொலியோடுதான் இடம் மாறுகிறது, கண்ட இடத்துக்கும் போவதில்லை. ஆயிரம் சொற்களுக்கு ஏறக்குறைய ஒரு பிழை என்ற அளவில்தான் இவை நிகழ்கின்றன என்பதை எண்ணும்போது, இந்த இயக்கத்தின் துல்லியம் என்னை வியக்க வைக்கிறது.

சொல்லின் பொருளும் அதன் ஒலியும் மனத்தில் தனித்தனியே எடுக்கப்படுகின்றன என்பதை இன்னொரு பொது அனுபவமும் காட்டுகிறது. தெரிந்த பெயர்தான், நாக்கு நுனியில் நிற்கிறது, ஆனால் வரவில்லை என்று நாம் தவிக்கும் நிலை அது. 1966இல் ரோஜர் பிரவுன், டேவிட் மெக்நீல் இருவரும் இதை ஆராய்ந்தபோது, சொல் வராதவர்களால்கூட அதன் முதல் எழுத்தையும் அசைகளின் எண்ணிக்கையையும் பலமுறை சரியாகச் சொல்ல முடிந்தது. சொல் மறைந்துபோகவில்லை, அதற்குப் போகும் பாதை மெலிந்திருக்கிறது. 2001இல் ஹீப்ரு, ஆங்கிலம் இரண்டும் பேசுவோரை ஆராய்ந்த டமார் கோலனும் நினா சில்வர்பெர்க்கும், ஒருமொழியாளரைவிட இருமொழியாளருக்கு இந்நிலை அடிக்கடி நேர்வதைக் கண்டார்கள். இதற்குத் தரப்படும் விளக்கங்களில் எனக்குப் பொருத்தமாகத் தோன்றுவது எளிமையானது: ஒருவர் ஒரு நாளில் பேசும் பேச்சு இரண்டு மொழிகளுக்கும் பங்கிடப்படுவதால், ஒவ்வொரு மொழியின் சொல்லும் குறைந்த தடவையே நாவுக்கு வருகிறது, அதனால் அதன் பாதையும் அந்த அளவுக்கே பதிகிறது.

இப்போது பேரனை நினைத்துப் பாருங்கள். 'சட்டி' என்ற ஒலியிலிருந்து சட்டியின் பொருளுக்குப் போகும் பாதையில் அவன் மனம் ஆயிரம் முறை நடந்திருக்கிறது. பொருளிலிருந்து 'சட்டி' என்ற ஒலிக்குப் போகும் பாதையில் ஏறக்குறைய நடந்ததே இல்லை. இரண்டும் ஒரே சாலையின் இரு திசைகள் என்று நாம் கருதுவதுதான் பிழை. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. 2009இல் டான்யா ஸ்டைவர்ஸும் அவருடைய கூட்டாளிகளும் பத்து மொழிகளின் உரையாடல்களை அளந்து, ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குவதற்கு இடையே பொதுவாக 200 மில்லி விநாடி அளவே செல்கிறது என்று கண்டார்கள். பெயர் சொல்லவே 600 மில்லி விநாடி தேவை என்றால், எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் பதிலைத் தயாரிக்கத் தொடங்குகிறோம் என்றாகிறது. உரையாடலின் இந்த வேகம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஆயா கேட்டு முடிப்பதற்குள் பேரனின் மனத்தில் ஆங்கிலப் பதில் தயாராகிவிடுகிறது. தமிழ்ப் பதில் இன்னும் சொற்களைத் தேடிக்கொண்டிருக்கிறது. முந்தியது வாய்க்கு வருகிறது. இதைச் சோம்பல் என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இந்த வேலைகள் மூளையில் எங்கே நடக்கின்றன என்ற கேள்விக்கு வருவோம். ஏறக்குறைய 1.4 கிலோ எடையும் 8,600 கோடி நரம்பணுக்களும் கொண்ட மூளையில், மொழிக்கென்று ஓரிடம் உண்டு என்ற எண்ணத்துக்கு 1861ஆம் ஆண்டு ஒரு திருப்பம் தந்தது. பாரிஸ் நகரின் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் 21 ஆண்டுகளாக இருந்த லெபோர்ன் என்பவர், பிறர் சொல்வதைப் பெரும்பாலும் விளங்கிக்கொண்டாலும், 'டான்' என்ற ஒரே அசையைத் தவிர வேறு எதையும் பேச முடியாதவராக இருந்தார். அவர் இறந்தபின் பால் புரோக்கா என்ற மருத்துவர் மூளையைச் சோதித்து, நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதியான நெற்றிமடலில், இடப்பக்கக் கீழ்ப்பகுதியில் சிதைவு இருப்பதைக் கண்டார். 1874இல் ஜெர்மானிய மருத்துவரான 26 வயது கார்ல் வெர்னிக்கே, சரளமாகப் பேசினாலும் பேச்சில் பொருள் இல்லாமலும் பிறர் சொல்வது புரியாமலும் இருந்த நோயாளிகளை விவரித்து, காதுக்குப் பின்மேல்புறமாக, இடப்பக்கப் பொட்டுமடலில் உள்ள பகுதியைச் சுட்டினார். முன்பகுதி பேச, பின்பகுதி விளங்க என்ற எளிய படம் இப்படித்தான் பாடநூல்களில் நிலைத்தது.

அந்தப் படம் இன்று பெரிதும் திருத்தப்பட்டுவிட்டது. 2007இல் நினா டிரோங்கர்ஸும் உடன்பணியாற்றியவர்களும், பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த லெபோர்னின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்துப் பார்த்தபோது, சிதைவு மேற்பரப்பில் நிற்காமல் ஆழத்தில் ஓடும் நரம்பிழைக் கற்றைகள்வரை பரவியிருந்தது தெரியவந்தது. மொழி ஓரிரு இடங்களில் இல்லை. பல இடங்களை இணைக்கும் பாதைகளில் இருக்கிறது. அதே 2007இல் கிரகரி ஹிக்காக், டேவிட் பெப்பல் இருவரும் விரித்துரைத்த கருத்தின்படி, காதிலிருந்து வந்த ஒலி பொட்டுமடலின் கீழ்ப்பக்கமாகச் சென்று பொருளை அடையும் பாதை ஒன்று. மேற்பக்கமாக நெற்றிமடலை நோக்கிச் சென்று உச்சரிப்பு இயக்கங்களோடு இணையும் பாதை மற்றொன்று. நம் பேரனுக்கு முதல் பாதை மட்டும் பழகியிருக்கிறது, இரண்டாவது பழகவில்லை என்று இதை அப்படியே பொருத்திவிட ஆசை எழும். அது அளவுக்கு மீறிய எளிமை, ஏனெனில் பேசுவதற்குச் சொல்லையும் இலக்கணத்தையும் எடுக்கும் வேலை இரண்டு பாதைகளையும் தொடுகிறது. ஆயினும் கேட்பதற்கும் சொல்வதற்கும் மூளையில் முழுக்க ஒரே தடம் இல்லை என்பது மட்டும் உறுதி.

வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் ஏறக்குறைய 95 விழுக்காட்டினருக்கும், இடக்கைப் பழக்கமுள்ளவர்களில்கூடப் பெரும்பான்மையோருக்கும் மொழி முதன்மையாக மூளையின் இடப்பாதியில் அமைகிறது. 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு 12 மொழிக்குடும்பங்களைச் சேர்ந்த 45 மொழிகளின் பேச்சாளர்களை எம்.ஆர்.ஐ. கருவியில் பரிசோதித்து, எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே அமைப்பைக் கண்டது. மேலும் இந்த அமைப்பு காதுக்கும் வாய்க்கும் உரியது அல்ல, மொழிக்கே உரியது. காது கேளாதோர் கைகளால் பேசும் சைகைமொழியும் இடப்பாதி சிதைந்தால் சிதைகிறது என்பது 1980களிலேயே நிறுவப்பட்டது. 2023 ஜூலையில் தென்னாப்பிரிக்கா தன் சைகைமொழியைப் பன்னிரண்டாவது ஆட்சிமொழியாக ஏற்றபோது, சைகைமொழி வெறும் சாடை என்று நினைத்திருந்த எங்கள் உறவினர் சிலருக்கு இதைச் சொல்லி விளக்க நேர்ந்தது.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரும் குடும்பத்தாருமாக 342 பேருடன் ட்ரூரோ கப்பல் இங்கே டர்பனில் வந்து நின்றபோது, அதில் வந்தவர்கள் கேட்ட புதிய மொழிகளுள் ஒன்று இம்மண்ணின் மொழியான ஜூலு. அந்த மொழியின் ஒலிகளும் எங்கள் மொழியின் ஒலிகளும் சேர்ந்து, கேள்விப்புலன் எப்படி உருவாகிறது என்பதற்கு ஓர் அருமையான பாடமாக அமைகின்றன. 1984இல் வெளியான ஆய்வில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் இந்தி மொழியின் பல்லொலித் தகரத்தையும் நாவளை டகரத்தையும், அதாவது நம் 'பத்து', 'பட்டு' என்ற இரு சொற்களைப் பிரிக்கும் ஒலிகள் போன்றவற்றை, ஆங்கிலச் சூழலில் வளரும் குழந்தைகளுக்குக் கேட்கவைத்தார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் அவற்றை வேறுபடுத்தினார்கள்; 10 முதல் 12 மாதத்தில் அது மிகச் சிலருக்கே முடிந்தது. காது பழுதாகவில்லை. தன்னைச் சூழ்ந்த மொழிக்குத் தேவைப்படாத வேறுபாட்டை மூளை கணக்கிலிருந்து விட்டுவிட்டது. இரண்டையும் ஆங்கிலத்தின் ஒரே ஒலியறையில் போட்டு வைக்கத் தொடங்கிவிட்டது.

ஆனால் 1988இல் கேத்தரின் பெஸ்ட்டும் உடனாய்வாளர்களும் ஜூலு மொழியின் சொடுக்கொலிகளை, அதாவது நாக்கைச் சட்டென்று விடுவித்து எழுப்பும் ஒலிகளை, கொண்டு சோதித்தபோது, ஆங்கிலம் மட்டுமே அறிந்த வளர்ந்தவர்கள்கூட அவற்றை எளிதில் பிரித்தறிந்தார்கள். ஆங்கிலத்தின் எந்த ஒலியறையிலும் சொடுக்கொலி அடங்காததால், அது விழுங்கப்படாமல் தப்பிவிடுகிறது. தமிழர்க்கும் இது பொருந்தும். இரக்கப்பட்டு நாம் உச்சுக்கொட்டும்போது எழும் ஒலி ஜூலுவில் ஒரு மெய்யெழுத்து. மாட்டை ஓட்டுகிறவர் கன்னத்தோரமாக எழுப்பும் ஒலி இன்னொரு மெய்யெழுத்து. நாம் வாயால் எழுப்பத் தெரிந்த ஒலிகளையே, நம் மனம் மொழியின் ஒலிகளாக எண்ணியதில்லை. ஒலி வேறு, மொழிக்குரிய ஒலியாக மனம் ஏற்பது வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த ஒலிகள் எப்படிக் குழந்தையிடம் சேர்கின்றன என்பதிலும் ஒரு செய்தி உண்டு. 2003இல் பாட்ரிசியா கூல் குழுவினர், 9 மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீனமொழி பேசுகிறவர்களை 12 அமர்வுகள் விளையாட விட்டார்கள்; குழந்தைகள் சீன ஒலிவேறுபாடுகளைக் கற்றன. அதே ஆள், அதே பேச்சு, தொலைக்காட்சித் திரையில் வந்தபோது எதையும் கற்கவில்லை. தமிழ்த் தொடர்களைப் போட்டுவிட்டுக் கைக்குழந்தையை முன்னால் உட்கார வைக்கும் பெற்றோரிடம் இதை நான் எடுத்துச் சொல்வதுண்டு.

இரு மொழிகள் ஒரே தலைக்குள் இருக்கும்போது, ஒன்று பேசும்போது மற்றொன்று உறங்குவதில்லை. 1999இல் வியோரிகா மரியனும் மைக்கேல் ஸ்பைவியும் ரஷ்யமும் ஆங்கிலமும் அறிந்தவர்களிடம், ரஷ்ய மொழியில் தபால்தலையை எடுக்கச் சொன்னார்கள். தபால்தலைக்கு ரஷ்யச் சொல் 'மார்க்கா'. கேட்டவர்களின் கண்கள் அருகிலிருந்த மார்க்கர் பேனாவை நோக்கியும் ஒரு கணம் சென்றன. நம்மிலும் 'கால்' என்று கேட்டால் உடலுறுப்பும் தொலைபேசி அழைப்பும் ஒன்றாக விழித்துக்கொள்ளக்கூடும். ஆகவே ஒரு மொழியைப் பேச மற்றொன்றை அடக்கி வைக்க வேண்டியிருக்கிறது. வலுவான மொழியை அடக்குவது பெரிய வேலை. அதே 1999இல் மியூட்டர், ஆல்போர்ட் இருவரும், எண்களை இரு மொழிகளில் மாறிமாறிச் சொல்லவைத்தபோது, வலுக்குறைந்த மொழியிலிருந்து வலுவான மொழிக்குத் திரும்புவதே அதிக நேரம் எடுத்தது என்று கண்டார்கள். அழுத்தி மூடிய கதவைத் திறப்பது போன்றது அது. தமிழ் வகுப்பு முடிந்து வெளியே வரும் மாணவர்கள் சில கணம் ஆங்கிலத்திலும் தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்கள் உள்ள வீடுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரு மொழிகள் தெரிந்தவருக்குப் பெரும்பாலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் திரும்புகின்றன. ஆனால் சிலருக்கு ஒன்று முந்துகிறது, அது எது என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆகையால் பேச்சுப் பயிற்சியாளரிடம் நோயாளிக்குத் தெரிந்த எல்லா மொழிகளையும் குடும்பத்தார் சொல்லிவிட வேண்டும். பேச்சு வராத முதியவர் ஒருவர் கோயிலில் தேவாரத்தை முழுவதும் பாடினால் வியக்கவோ, நடிக்கிறார் என்று ஐயப்படவோ வேண்டாம். பாடலும் நெட்டுருவும் எண்ணிக்கையும் புதிய வாக்கியத்தை உருவாக்கும் வழியைச் சாராமல் வெளிவரக்கூடியவை. சொல் இழந்தவர் அறிவை இழந்தவர் அல்லர். கணக்குப் போடவும் சீட்டாட்டத்தில் வெல்லவும் பலரால் முடிகிறது.

பேசாமல் விட்ட மொழி மூளையிலிருந்து அழிந்துவிடுமா என்ற கேள்வி எங்கள் வகுப்பில் அடிக்கடி எழுகிறது. இதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2003இல் கிறிஸ்தோஃப் பாலியே குழுவினர், சிறுவயதில் கொரியாவிலிருந்து பிரான்சுக்குத் தத்துப்போன பெரியவர்களைச் சோதித்தபோது, கொரிய மொழியின் தடம் எதையும் காணவில்லை. 2014இல் மான்ட்ரியலில் லாரா பியர்ஸ் குழுவினர், ஒரு வயதளவில் சீனாவிலிருந்து பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தத்துப்போய், சீனம் ஒரு சொல்லும் நினைவில்லாத 9 முதல் 17 வயதுப் பெண்களுக்குச் சீனத் தொனிகளை, அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரலின் ஏற்ற இறக்கங்களை, கேட்கவைத்தார்கள். அவர்களுடைய மூளை, சீனம் பேசுவோரின் மூளையைப் போலவே இடப்பக்கத்தில் வினைபுரிந்தது. எங்கள் நிலைக்கு மிக நெருக்கமானது 2002இல் டெர்ரி ஆவும் உடனாய்வாளர்களும் அமெரிக்காவில் செய்தது. சிறுவயதில் ஸ்பானிய மொழியைக் கேட்டு மட்டுமே வளர்ந்து, பேசாமலிருந்து, பின்னர் கல்லூரியில் அதைக் கற்றவர்களின் உச்சரிப்பு, அவர்களோடு சேர்ந்து புதிதாகக் கற்றவர்களைவிடத் தாய்மொழியாளருக்கு நெருக்கமாக இருந்தது. இலக்கணத்தில் அத்தகைய முன்னிலை தெரியவில்லை. ஒலி தங்கியிருக்கிறது, வாக்கியம் கட்டுவதை உழைத்துத்தான் பெற வேண்டும்.

அந்த உழைப்புக்கு வழி ஒன்று உண்டு. 2006இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும், ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பதே அதை நெடுநாள் நிலைக்கச் செய்கிறது என்று காட்டினார்கள். சொற்களுக்கும் அவ்வாறே. ஆகவே எங்கள் வகுப்பில் நான் ஒரு கேள்வியைக் கேட்டபின் மனத்துக்குள் பத்துவரை எண்ணுகிறேன். அதுவரை விடையை எடுத்துக் கொடுப்பதில்லை, ஆங்கிலத்துக்கும் மாறுவதில்லை. வீட்டிலும் அவ்வாறு காத்திருக்கும்படி ஆயாக்களிடம் கேட்டுக்கொண்டேன். ஒரு வீட்டில், முதல் வாரங்களில் பேரனிடமிருந்து 'அடுப்பு' என்ற ஒரு சொல் வந்தது. பிறகு 'அடுப்பு மேல' வந்தது. 'இருந்துச்சு' வருவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆயிற்று. முதலில் வந்தது 'இருந்தான்'தான், அதை ஆயா சிரிக்காமல் திருத்திக் கொடுத்தார்.